அண்ணனுக்கு 39 வயதில் சிறுநீரகப் புற்றுநோய்: குடும்பத்தில் யார் யார் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்?

கெடிலக்கரை (கடலூர், திருப்பாதிரிப்புலியூர்)

எல்லாருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு வயது 39. பீடி, சிகரெட் கிடையாது, சர்க்கரை கிடையாது. முதுகுவலி என்று ஸ்கேன் எடுத்ததில் இடது சிறுநீரகத்தில் 4 செ.மீ. கட்டி தெரிந்தது. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் அந்தச் சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள். பயாப்சியில் "பாப்பிலரி வகை, வீரியம் அதிகம்" என்று வந்திருக்கிறது. இப்போதைக்கு வேறெங்கும் பரவவில்லை என்கிறார்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு இளம் டாக்டர், "வீட்டில் வேறு யாருக்காவது கிட்னியில் கட்டி வந்ததா?" என்று கேட்டார். பண்ருட்டியில் இருந்த எங்கள் தாய்மாமன் 45 வயதில் சிறுநீரில் ரத்தம் போய், ஆறு மாதத்தில் இறந்துவிட்டார் என்று சொன்னேன். "அப்படியானால் ஜீன் டெஸ்ட் எடுப்பது நல்லது" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். எங்கே எடுப்பது, எதற்காக எடுப்பது, ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணனுக்கு 14 வயதில் பையன், 9 வயதில் பெண். எனக்கு ஒரு பையன். நெய்வேலியில் அக்கா இருக்கிறாள், அவளுக்கும் இரண்டு பிள்ளைகள். அண்ணி சரியாகத் தூங்கியே பல நாள் ஆகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்பனாறு (குடிகாடு)

தம்பி, முதலில் அண்ணன் தேறி வரட்டும். நான் சொல்ல வருவது வேறு. எங்கள் பக்கம் யாருக்குப் புற்றுநோய் வந்தாலும் நாங்கள் சிப்காட் பக்கம்தான் திரும்பிப் பார்ப்போம். அந்த நாற்றத்தில் பிள்ளை வளர்த்தவர்கள் நாங்கள். "ஜீன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாப் பழியும் உங்கள் ரத்தத்தின் மேல் போய்விடும், ஆலைக்காரன் தப்பித்துவிடுவான். உங்கள் அண்ணன் எங்கே வேலை பார்த்தார், எந்தத் தண்ணீர் குடித்தார் என்று டாக்டர் கேட்டாரா?

ஊசுடு ஏரி (புதுச்சேரி)

நான் நோய்க்குறியியல் மருத்துவர். பயாப்சித் திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் என் வேலை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உப்பனாறு அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. வேலையிடத்து ரசாயனத்துக்கும் சிறுநீரகப் புற்றுக்கும் தொடர்பு உண்டு. உலோகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கப் பயன்பட்ட டிரைகுளோரோ எத்திலீனை உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் முதல் பிரிவுக் காரணியாக, அதாவது மனிதருக்குப் புற்று உண்டாக்குவது உறுதி என்று அறிவித்தது. ஆதாரமே சிறுநீரகப் புற்றுதான். அதனால் மரபணுவைப் பேசினால் ஆலையைப் பேசக்கூடாது என்றில்லை. ஆனால் இந்தக் குடும்பத்தில் அண்ணன் கடலூர், மாமா பண்ருட்டி. இருவருக்கும் ஐம்பதுக்குள் வந்திருக்கிறது. பிறவியிலேயே வரும் மாறுபாட்டைத் தேடாமல் விடுவது சரியில்லை.

சிறுநீரகப் புற்று வந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பேருக்குப் பரம்பரைக் காரணம் இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். 46 வயதுக்குள் வந்திருந்தால், இரண்டு பக்கமும் வந்திருந்தால், ஒரே சிறுநீரகத்தில் பல கட்டிகள் இருந்தால், நெருங்கிய ரத்த உறவில் இன்னொருவருக்கு வந்திருந்தால் மரபணுச் சோதனை செய்யச் சொல்வது இன்றைய நடைமுறை. உங்கள் அண்ணன் வயதாலேயே அதற்குள் வருகிறார்.

கெடிலக்கரை, எனக்கு மூன்று விவரம் வேண்டும். அம்மாவுக்கோ அக்காவுக்கோ சின்ன வயதில் கர்ப்பப்பைக் கட்டிக்கு அறுவை நடந்ததா? வீட்டில் யாருக்காவது கை, தோள், முதுகில் கடினமான சிறு முண்டுகள் உண்டா, குளிரிலோ அழுத்தினாலோ வலிப்பதுபோல? அண்ணனின் பயாப்சி பிளாக், அதாவது மெழுகில் பதித்து வைத்த திசுக்கட்டி, எந்த ஆய்வகத்தில் இருக்கிறது?

கெடிலக்கரை

டாக்டர், நீங்கள் கேட்டதும் அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். அம்மாவுக்கு 34 வயதில் கர்ப்பப்பை எடுத்திருக்கிறார்கள். அக்காவுக்கு 28-ல் கட்டி மட்டும் எடுத்து, அப்புறம் சில ஆண்டுகளில் கர்ப்பப்பையும் போய்விட்டது. வீட்டு ஆண்களில் நான் மட்டுமல்ல, அப்பாவுக்கே கூட இந்த வயது விவரம் சரியாகத் தெரியவில்லை. பெண்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

அம்மாவின் இடது தோளில் வரிசையாகப் பழுப்பு நிற முண்டுகள். மார்கழியில் அந்த இடம் சுண்டி இழுக்கும் என்று வெந்நீர் ஒற்றடம் கொடுப்பார். வெறும் மரு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அண்ணனுக்கும் முதுகில் மூன்று நான்கு இருக்கிறது.

ஊசுடு ஏரி

நன்றி. நான் சந்தேகப்படுவதைச் சொல்கிறேன், இது முடிவு இல்லை.

எஃப்ஹெச் என்று ஒரு மரபணு உண்டு. ஃபியூமரேட் ஹைட்ரடேஸ் என்ற நொதியைச் செய்வது அதன் வேலை. செல்லுக்குள் சக்தி உண்டாகும் சுழற்சியில் ஒரு கண்ணி அந்த நொதி. அந்த மரபணுவில் ஒரு பிரதி பிறவியிலேயே பழுதானவர்களுக்குத் தோலில் தசைக்கட்டிகள், பெண்களுக்கு இருபதுகளிலேயே பெரிதாகவும் பலவாகவும் கர்ப்பப்பைக் கட்டிகள், சிலருக்குச் சிறுநீரகப் புற்று என்று வரும். மூன்றுக்கும் ஒரே மரபணுதான் காரணம் என்று 2002-ல் கண்டுபிடித்தார்கள். இப்படிப்பட்டவர்களில் நூற்றுக்குப் பதினைந்து, இருபது பேருக்குச் சிறுநீரகத்தில் வரலாம் என்பது மதிப்பீடு. மற்றவர்களுக்கு ஆயுள் முழுக்க வராமலே போகும்.

எனக்கு மிக வருத்தம் தருவது, இந்தத் தடயம் இருக்கும் இடம். நம் ஊரில் இளம் வயதில் கர்ப்பப்பை எடுத்த பெண்கள் ஏராளம். அந்தக் கோப்பு மகப்பேறு மருத்துவரிடம், முண்டு தோல் மருத்துவரிடம், சிறுநீரகம் யூராலஜி டாக்டரிடம். மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஆளில்லை. தகப்பன் வழியாக மாறுபாடு வரும்போது இன்னும் மோசம். ஆணுக்குக் கர்ப்பப்பை இல்லாததால் ஒரு தலைமுறை முழுக்க அறிகுறியே தெரியாமல் அடுத்த தலைமுறைக்குப் போய்விடும்.

இதைப் படிக்கும் பெண்கள் பயந்துவிடாதீர்கள். கர்ப்பப்பைக் கட்டி மிக மிகச் சாதாரணமானது, ஐம்பது வயதுக்குள் பெரும்பாலான பெண்களுக்கு ஏதோ ஓர் அளவில் இருக்கும். அதில் மிகச் சிறு பங்குதான் இந்த மரபணுவால் வருவது. முப்பதுக்குள் அறுவை வரைக்கும் போனது, தோல் முண்டு, குடும்பத்தில் சிறுநீரகப் புற்று, இவை சேர்ந்து வரும்போதுதான் இந்தக் கேள்வி எழ வேண்டும்.

அடுத்து செய்ய வேண்டியது: பிளாக்கை ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்குங்கள், அது நோயாளிக்கு உரியது. அதில் எஃப்ஹெச் புரதம் இருக்கிறதா என்று சாயம் ஏற்றிப் பார்க்கலாம். புரதம் காணாமல் போயிருந்தால் சந்தேகம் வலுக்கும். சில பழுதுகளில் உருக்குலைந்த புரதமே அங்கு நின்று சாயம் பிடிக்கும் என்பதால் 2எஸ்சி என்ற இன்னொரு சாயமும் சேர்த்துப் பார்ப்பார்கள். உறுதி செய்வது ரத்தச் சோதனைதான்.

பாகூர் அக்கா

தம்பி, நான் டாக்டர் இல்லை. என் வீட்டுக்காரர் குடும்பத்தில் விஹெச்எல் என்ற பரம்பரைக் கட்டி நோய் இருக்கிறது. மாமியாருக்கு ஒரு கண் சின்ன வயதிலேயே போனது. வீட்டுக்காரருக்குக் கண்ணின் உள்ளே ரத்தக்குழாய்க் கட்டி என்று கண் மருத்துவமனையில்தான் முதலில் சொன்னார்கள். அப்புறம் சிறுமூளையில் ஒன்று, அதற்கு அறுவை. இரண்டு சிறுநீரகத்திலும் நாலைந்து கட்டிகள். ஆனால் அவருக்கு உடனே வெட்டவில்லை. "3 செ.மீ. வரும்வரை பார்ப்போம்" என்றார்கள். வருடம் ஒரு எம்ஆர்ஐ. ஒரு தடவை மட்டும் பெரிதான கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு சிறுநீரகத்தை விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் வேலைக்குப் போகிறார், டயாலிசிஸ் இல்லை.

உங்கள் அண்ணனுக்கு ஏன் முழுச் சிறுநீரகத்தையும் எடுத்தார்கள் என்றுதான் எனக்கு யோசனையாக இருக்கிறது. இன்னொரு பக்கமும் வந்தால் என்ன செய்வது? அந்தப் பக்கம் சின்னதாக ஏதாவது தெரிந்தால் பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊசுடு ஏரி

பாகூர் அக்கா, உங்கள் வீட்டில் செய்தது மிகச் சரி. ஆனால் அதே யோசனையை இந்தக் குடும்பத்துக்குச் சொன்னால் ஆபத்து. இந்த இழையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவதே இதைத்தான். எந்த மரபணு என்பதைப் பொறுத்து, காத்திருக்கலாமா கூடாதா என்பதே தலைகீழாக மாறும்.

விஹெச்எல் கட்டிகள் மெதுவாக வளர்பவை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2004-ல் வெளியிட்ட தொடரில், கட்டி 3 செ.மீ.க்குக் கீழே இருந்த 108 பேரில் ஒருவருக்கும் பரவவில்லை. அதற்கு மேல் வளர்ந்த 73 பேரில் 20 பேருக்குப் பரவியது. அந்த 3 செ.மீ. கணக்கு இப்படித்தான் நிலைபெற்றது. வாழ்நாளில் பலமுறை கட்டி வரும், அதனால் ஒவ்வொரு முறையும் சிறுநீரகத்தைக் காப்பாற்றிக்கொண்டே போக வேண்டும்.

எஃப்ஹெச் பழுதில் வரும் கட்டி பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் வரும். சிறிதாக இருக்கும்போதே நிணநீர்க் கணுவுக்குப் போய்விடக்கூடியது. அதில் 3 செ.மீ. வரை காத்திருப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. தெரிந்தவுடன் சுற்றிலும் நல்ல திசுவையும் சேர்த்து எடுக்க வேண்டும். அண்ணனுக்குச் செய்த அறுவை அந்த வகையில் பொருத்தமானதே. பிஏபி1 என்ற மரபணுப் பழுதிலும் வேகம் அதிகம், அந்தக் குடும்பங்களில் கண்ணிலும் நுரையீரல் உறையிலும் கூடப் புற்று வரும். எஃப்எல்சிஎன் பழுதில் (முகத்தில் சிறு பருக்கள், நுரையீரலில் காற்றுப் பைகள், திடீரென நுரையீரல் சுருங்குதல்) வரும் சிறுநீரகக் கட்டி பெரும்பாலும் சாது, அங்கே மறுபடி 3 செ.மீ. கணக்கு.

ஒரே மரபணுவுக்குள்ளேயே எந்த எழுத்து மாறியது என்பதும் முக்கியம். ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் பல குடும்பங்களில் ஒரே விஹெச்எல் மாறுபாடு ஓடுகிறது. அவர்களுக்குச் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியில் கட்டி நிறைய வரும், சிறுநீரகப் புற்று அபூர்வம். புரதத்தையே பாதியில் அறுத்துவிடும் மாறுபாடுகளில் சிறுநீரக ஆபத்து அதிகம். ஆச்சரியம் என்னவென்றால், விஹெச்எல்லோடு பக்கத்து மரபணுவான பிஆர்கே1-உம் சேர்ந்து முழுதாகத் தொலைந்தவர்களுக்குச் சிறுநீரகப் புற்று குறைவாகவே வருகிறது.

லாஸ்பேட்டை

ஒரு சந்தேகம் டாக்டர். பழுது பிறவியிலேயே இருக்கிறதென்றால் நாற்பது வயதுவரை கட்டி ஏன் காத்திருக்கிறது? அப்புறம், எச்சில் அனுப்பினால் எல்லா ஜீனும் பார்த்துத் தருகிறோம் என்று விளம்பரம் வருகிறதே, வீட்டில் யாருக்கும் இல்லாத என்னைப் போன்றவர்கள் அதை எடுக்கலாமா?

ஊசுடு ஏரி

ஒவ்வொரு செல்லிலும் இந்த மரபணுக்கள் இரண்டு பிரதி உண்டு, ஒன்று அம்மாவிடமிருந்து, ஒன்று அப்பாவிடமிருந்து. இரண்டு தாழ்ப்பாள் போட்ட கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பரம்பரைப் பழுது உள்ளவர்கள் ஒரு தாழ்ப்பாள் உடைந்த நிலையிலேயே பிறக்கிறார்கள். ஏதாவது ஒரு சிறுநீரகச் செல்லில் இரண்டாவதும் போகும் நாளில்தான் கட்டி தொடங்குகிறது. ஆல்ஃபிரட் நட்சன் 1971-ல் குழந்தைகளின் விழித்திரைப் புற்றை வைத்து இதை ஊகித்தார். பரம்பரை இல்லாதவர்களுக்கு ஒரே செல்லில் இரண்டும் தற்செயலாகப் போக வேண்டும், அதற்கு அறுபது எழுபது வயதாகிறது.

விஹெச்எல் புரதத்தின் வேலை, ஹெச்ஐஎஃப் என்ற புரதத்தை அழிவுக்கு அனுப்புவது. ஆக்சிஜன் குறைந்தால் மட்டும் நிலைத்து நின்று, புது ரத்தக்குழாய் கட்டச் சொல்வது ஹெச்ஐஎஃப். விஹெச்எல் இல்லாத செல், மூச்சுக்குத் தவிப்பதுபோலவே எப்போதும் நடந்துகொள்ளும். இந்த வழியைக் கண்டுபிடித்ததற்குத்தான் கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019-ல் நோபல் கிடைத்தது. எஃப்ஹெச் பழுதிலும் ஃபியூமரேட் தேங்கி, அழிக்க வேண்டியது என்று ஹெச்ஐஎஃப்புக்கு அடையாளம் ஒட்டும் நொதியை முடக்குகிறது. இரண்டு வழிகளும் ஓரளவு ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. ஆனால் எஃப்ஹெச் கட்டியில் செல்லின் சக்தி உற்பத்தியே மாறிப்போகிறது, வீரியம் கூடுவதற்கு அது ஒரு காரணம்.

எச்சில் சோதனை விஷயம்: சிறுநீரகப் புற்றோடு தொடர்புடைய பொதுவான மாறுபாடுகள் உங்களிடமும் இருக்கும், என்னிடமும் இருக்கும். 2024-ல் வந்த பெரிய ஆய்வோடு அப்படிப்பட்ட 63 இடங்கள் தெரிந்துள்ளன. ஹெச்ஐஎஃப் புரதம் ஒன்றைச் செய்யும் இபிஏஎஸ்1 மரபணு அருகிலேயே ஒன்று இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் ஆபத்தைக் கூட்டுவது கொஞ்சமே. உங்களைப் பொறுத்தவரை சிகரெட், உடல் எடை, ரத்த அழுத்தம் மூன்றும்தான் முதலில் கவனிக்க வேண்டியவை. இன்னொன்று, இந்தத் தரவுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் எடுத்தவை. நம்மவர்களைச் சோதிக்கும்போது "பொருள் தெளிவாகாத மாறுபாடு" என்ற முடிவு அடிக்கடி வரும். அதை வைத்து யாரும் அறுவைக்குப் போகக்கூடாது.

உப்பனாறு

விளக்கத்துக்கு நன்றி அம்மா. ஒரு தாழ்ப்பாள் ஏற்கெனவே உடைந்தவன் சிறுநீரகத்துக்கு ஆகாத எதன் பக்கமும் போகாமல் இருப்பது நல்லது என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ஊரில் பாம்புக்கடிக்கும் தோலுக்கும் ஆடுதீண்டாப்பாளை கொடுப்பார்கள். அதையும் நிறுத்தச் சொல்ல வேண்டுமா?

ஊசுடு ஏரி

கட்டாயம். ஆடுதீண்டாப்பாளையிலும் ஈஸ்வரமூலியிலும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும், சிறுநீர்ப் பாதையில் புற்று உண்டாக்கும், இதில் சந்தேகமே இல்லை. ருமேனியாவில் சாதாரண சிறுநீரகப் புற்றுக் கட்டிகளிலும் அதன் தடம் மரபணுவில் பதிந்திருந்தது. பரம்பரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம்.

நெல்லிக்குப்பத்தார்

எல்லாரும் பெரிய பெரிய பேர் சொல்கிறீர்கள். சொந்தத்தில் கட்டினதால் வந்ததாக இருக்கும். எங்கள் வீட்டில் அத்தை மகனுக்கே கொடுத்து வந்தோம், இப்போது நிறுத்திவிட்டோம்.

கெடிலக்கரை

ஐயா, அம்மாவும் அப்பாவும் சொந்தம் இல்லை. ஆனால் உங்கள் பேச்சு வேறொன்றை ஞாபகப்படுத்துகிறது. அண்ணன் மகளை அக்கா மகனுக்குத்தான் என்று வீட்டில் வாய்ப்பேச்சாகச் சொல்லி வருகிறார்கள்.

ஊசுடு ஏரி

சொந்தத்தில் கட்டியதால் இந்தப் புற்று வருவதில்லை. ஒரு பிரதி பழுதானாலே போதும், அம்மா அப்பா இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே ஆபத்து உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆணோ பெண்ணோ.

ஆனால் நீங்கள் சொன்ன முறைப்பேச்சை லேசாக விடாதீர்கள். எஃப்ஹெச் பழுதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கணவன் மனைவி இருவரிடமும் பழுது இருந்தால், பிறக்கும் குழந்தைக்கு இரண்டு பிரதியும் பழுதாக நான்கில் ஒரு வாய்ப்பு. அந்தக் குழந்தைக்குப் புற்றுக்கு முன்பே மூளை வளர்ச்சி பாதிக்கும், வலிப்பு வரும், பலர் குழந்தைப் பருவத்தைத் தாண்டுவதில்லை. அண்ணனுக்கும் அக்காவுக்கும் பழுது உறுதியானால், அந்தப் பிள்ளைகளின் முடிவு தெரியாமல் அந்தச் சம்பந்தத்தைப் பேசவே வேண்டாம்.

வடக்குத்து

நான்தான் அந்த அக்கா. தம்பி இந்த இழையை அனுப்பினான், இரண்டு தடவை முழுக்கப் படித்தேன்.

28 வயதில் எனக்குக் கட்டி எடுத்தபோது டாக்டர் "இவ்வளவு சின்ன வயதில் இத்தனையா" என்று நர்ஸிடம் சொன்னது காதில் விழுந்தது. அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. என் கையிலும் முண்டு இருக்கிறது. குழந்தை பெற்றதும் கர்ப்பப்பையை எடுத்ததும் எல்லாம் என் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் கவலை மகளைப் பற்றி. அவளுக்கு 20 வயது, வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். சோதனை எடுத்து அவளுக்கும் இருக்கிறது என்று வந்தால் மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா? சொன்னால் யார் கட்டுவார்கள்? என் மாமியார் "தெரியாமலே இருக்கட்டும்" என்கிறார்.

பாகூர் அக்கா

தங்கச்சி, இதற்கு நான் பதில் சொல்கிறேன். என் கல்யாணத்துக்கு முன் யாரும் எனக்குச் சொல்லவில்லை. கல்யாணமாகிச் சில வருடத்தில் சிறுமூளை அறுவை அறையின் வாசலில் நின்றபோதுதான் மாமியாரின் கண் கதை எனக்குத் தெரிந்தது. என்னிடம் மறைத்துவிட்டார்களே என்ற வலி நோயைவிடப் பெரிதாக இருந்தது. முன்பே சொல்லியிருந்தாலும் நான் அவரைத்தான் கட்டியிருப்பேன்.

என் மூத்தவனுக்குச் சோதித்துப் பார்த்தோம், இருக்கிறது. சின்னவளுக்கு இல்லை. இருப்பது தெரிந்ததால்தான் அவன் கண்ணில் கட்டி புள்ளியாக இருக்கும்போதே லேசர் வைத்தார்கள். அவன் பாட்டிக்குப் போன பார்வை அவனுக்கு இருக்கிறது. உங்கள் மகள் தெரிந்துகொள்ளட்டும். அவள் வயதுக்கு வந்தவள், எடுப்பதா வேண்டாமா என்று அவளே சொல்லட்டும்.

ஊசுடு ஏரி

பாகூர் அக்கா சொன்னதோடு ஒரு மருத்துவக் காரணம் சேர்க்கிறேன். எஃப்ஹெச் பழுதுள்ள பெண்ணுக்கு இருபது வயதிலிருந்தே வருடம் ஒருமுறை கர்ப்பப்பையைப் பார்க்க வேண்டும். குழந்தை வேண்டுமென்றால் எப்போது என்று திட்டமிடவும், கர்ப்பப்பையை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுக்கவும் அதனால் வழி கிடைக்கும். உங்களுக்குக் கிடைக்காத அந்த அவகாசம் அவளுக்குக் கிடைக்கும்.

முத்தியால்பேட்டை

இன்சூரன்ஸ் பற்றி யாரும் கேட்கவில்லை, நான் அந்தத் துறையில் இருக்கிறேன். மரபணுக் கோளாறு என்று சொல்லி மருத்துவக் காப்பீட்டை மறுப்பது பாகுபாடு என்று 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ அமைப்பும், அந்தக் காரணத்தைச் சொல்லி க்ளெய்மைத் தள்ளக்கூடாது என்று நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பாலிசி எடுக்கும்போது ஏற்கெனவே இருக்கும் நோயை மறைக்காமல் எழுதுங்கள், அதை மறைத்தால்தான் பிரச்சினை.

கெடிலக்கரை

பல வாரம் கழித்து எழுதுகிறேன். பிளாக்கை வாங்கி மறுபடி பார்த்ததில் எஃப்ஹெச் சாயம் பிடிக்கவில்லை. ஊசுடு ஏரி டாக்டர் சொன்னபடி வேலூர் சிஎம்சியில் மரபியல் துறைக்குப் போனோம். குடும்ப மரம் வரையவே அரை நாள் ஆனது, அம்மா சொல்லச் சொல்ல அந்த டாக்டர் எழுதினார். அண்ணனின் ரத்தத்தில் எஃப்ஹெச் மாறுபாடு உறுதியாகிவிட்டது. அந்த ஒரு இடத்தை மட்டும் மற்றவர்களுக்குப் பார்த்ததால் செலவு குறைந்தது. அம்மாவுக்கு இருக்கிறது, அக்காவுக்கு இருக்கிறது. எனக்கு இல்லை.

முடிவைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. அண்ணன்தான் என் தோளில் கை வைத்து "உன் பையனுக்கு ஊசி குத்த வேண்டாம், அது போதும்" என்றான்.

அண்ணன் பையனுக்கு இல்லை. பெண்ணுக்கு இருக்கிறது. அக்கா மகள் தானாகவே முன்வந்து எடுத்தாள், அவளுக்கு இல்லை. அக்கா மகனுக்கு இன்னும் பார்க்கவில்லை, பரீட்சை முடியட்டும் என்கிறாள். முறைப்பேச்சை அம்மாவே நிறுத்திவிட்டார். பண்ருட்டி மாமாவின் பிள்ளைகள் மூவரிடமும் நேரில் போய்ச் சொன்னேன். இருவர் வருகிறார்கள். மூத்தவர் "அப்பா போனது போனது, என்னை இழுக்காதே" என்கிறார். விவரத்தை ஒரு தாளில் எழுதி அவர் மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அண்ணன் மகளுக்கு வயது 9. அவளுக்கு இப்போதே எம்ஆர்ஐ தேவையா டாக்டர்? வருடாவருடம் வெறும் அல்ட்ராசவுண்ட் போதாதா? அண்ணனுக்கு மறுபடி வந்தால் மருந்து உண்டா?

ஊசுடு ஏரி

தேவை. எட்டு வயதிலிருந்தே வருடம் ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள். பத்து வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கும் இந்தக் கட்டி வந்ததுண்டு, மிக அபூர்வம் என்றாலும். இந்த வகைக் கட்டி அல்ட்ராசவுண்டில் சுற்றுத் திசுவோடு கலந்து தெரியாமல் போய்விடும், அதை நம்பாதீர்கள். எம்ஆர்ஐ, காண்ட்ராஸ்ட் ஊசியோடு, சிறுநீரகத்தை மெல்லிய வெட்டுகளாக எடுக்க வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். சிடி ஸ்கேன் வேண்டாம், இத்தனை வருடத்துக்குக் கதிர்வீச்சு சேரக்கூடாது.

அண்ணனுக்கு மறுபடி வரவேண்டும் என்றில்லை. வந்தால் பெவாசிசுமாப், எர்லோடினிப் என்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததில் இந்த வகை நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கட்டி சுருங்கியது. பாகூர் அக்கா வீட்டு நோய்க்கு 2021-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெல்சுடிஃபான் மாத்திரை விஹெச்எல் வழிக்காகச் செய்தது. அண்ணனுக்கும் அதுவே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மரபணு முடிவின் நகலை அவர் கோப்பில் முதல் பக்கமாக வைத்துவிடுங்கள், மருந்தைத் தேர்ந்தெடுக்கும் டாக்டர் அதை முதலில் பார்க்க வேண்டும்.

குழந்தைக்குப் புதுச்சேரி கோரிமேடு பக்கம் எம்ஆர்ஐ எடுப்பதென்றால் காலையில் முதல் ஆளாக நேரம் கேளுங்கள். ஊசிக்காக வெறும் வயிற்றோடு நெடுநேரம் காத்திருக்க வைக்க வேண்டியிருக்காது. எம்ஆர்ஐ படம் பதிந்த டிஸ்க்கை வாங்கிப் பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த வருடம் அதோடு வைத்துத்தான் ஒப்பிடுவார்கள்.